பாரலாய்ட் பி-72: வெயில் ஊர் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு மதிப்புரை

பாரலாய்ட் பி-72 என்ற பெயரை எங்கள் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. உடைந்ததை ஒட்டவும் உதிர்வதைக் கெட்டிப்படுத்தவும் நாங்கள் பயன்படுத்தும் பிசின் இது; கடைத்தெருவில் கிடைக்கும் பொருள் அல்ல. இதற்கு விளம்பரமும் இல்லை. ஆனால் உடைந்த பொருள்களைப் பேணும் ஆய்வுக்கூடம் உள்ள அருங்காட்சியகம் எதற்குள் நுழைந்தாலும், மேசையின் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியில் நிறமில்லாத தேன்போல இது நின்றுகொண்டிருப்பதைக் காணலாம். கடலோர நகரம் ஒன்றின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் எலும்பு, கொம்பு, சிப்பி, புதைபடிவம், பாடம் செய்த விலங்கு ஆகியவற்றைப் பேணும் கன்சர்வேட்டராக வேலை செய்யும் எனக்கு, தூரிகைக்கும் இடுக்கிக்கும் அடுத்தபடியாக அதிகம் கையில் எடுக்கும் பொருள் இதுதான். இதை வாங்கலாமா என்று யோசிக்கும் சிறிய அருங்காட்சியகங்களுக்காகவும், பழைய கல்லூரிகளின் விலங்கியல் துறைகளில் அலமாரி நிறைய மண்டையோடுகளைப் பொறுப்பேற்றுக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் ஆசிரியர்களுக்காகவும் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இதைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு ஆய்வுக்கூடங்களில் எழுதப்பட்டவை. சித்திரை வெயிலில் இந்தப் பிசின் எப்படி நடந்துகொள்கிறது என்பதை நாம்தான் நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எத்தில் மெத்தாக்ரிலேட்டும் மெத்தில் அக்ரிலேட்டும் ஏறத்தாழ 70:30 விகிதத்தில் இணைந்த அக்ரிலிக் பிசின் இது. ஜவ்வரிசியை நினைவூட்டும் சிறு சிறு தெளிந்த மணிகளாக, நெகிழி டப்பாக்களில் வருகிறது. அமெரிக்காவின் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது. 2009இல் அந்த நிறுவனத்தை டவ் கெமிக்கல் வாங்கிக்கொண்டது. அச்சு மைகளுக்கும் மேற்பூச்சுகளுக்கும் பயன்படும் தொழிற்சாலைச் சரக்குதான் இது; அருங்காட்சியகங்கள் பின்னால் வந்து வரிசையில் நின்றுகொண்ட சில்லறை வாடிக்கையாளர்கள். பழைய அமெரிக்கக் கட்டுரைகளில் அக்ரிலாய்ட் பி-72 என்று காண்பதும் இதே பொருளைத்தான். பிட்ஸ்பர்கின் மெல்லன் நிறுவனத்தில் ராபர்ட் ஃபெல்லர் பிசின்கள் ஒளியிலும் வெப்பத்திலும் எப்படி முதுமையடைகின்றன என்று ஆராய்ந்து அவற்றை வகுப்புகளாகப் பிரித்தபோது, நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்கக்கூடியவை என்ற முதல் வகுப்பில் இதற்கு இடம் கிடைத்தது. அந்த நூறு ஆண்டுகளை யாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கவில்லை, வலுவான விளக்கொளியிலும் வெப்பத்திலும் காலத்தை விரைவுபடுத்திக் கணித்தார்கள் என்பதை மறந்துவிடாமல் இருப்பது நல்லது. இருப்பினும் பல பத்தாண்டுகளுக்கு முன் பூசப்பட்ட பி-72 இன்றும் மஞ்சளாகாமல், அசிட்டோன் என்ற கரைப்பானில் கரையும் தன்மையை இழக்காமல் இருக்கிறது என்பது எங்கள் தொழிலில் பலரும் கண்ட உண்மை.

கரையும் தன்மை என்று சொன்னேன். பசையை வாங்கும் மற்றவர்கள் அது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று கேட்பார்கள். நாங்கள் அது எவ்வளவு சுலபமாக விடுகிறது என்று கேட்போம். ஏன் என்று புரிய வேண்டுமானால், எங்களுக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்தவர்கள் ஒட்டிவைத்த பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் இந்த வேலைக்கு வந்த முதல் ஆண்டில், அரக்கால் ஒட்டப்பட்ட ஒரு கடலாமை ஓடு என் மேசைக்கு வந்தது. ஒட்டியவர் மூன்று துண்டுகளை அரை விரல் அகலம் தள்ளி ஒட்டியிருந்தார். ஓட்டின் வளைவே மாறிப்போயிருந்தது. அரக்கு புதிதாக இருக்கும்போது சாராயத்தில் சுலபமாகக் கரைந்துவிடும். வயது ஏற ஏற அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கருஞ்சிவப்பாகக் கெட்டித்துப்போய், எந்தக் கரைப்பானுக்கும் அசைந்துகொடுக்காத நிலைக்கு வந்துவிடுகின்றன. அந்த ஓட்டைப் பிரிப்பதற்கு எனக்கு ஐந்து வாரங்கள் ஆயின. இரண்டு இடங்களில் அரக்கோடு ஓட்டின் மேல்தோலும் சேர்ந்து வந்துவிட்டது. அரக்கு நம் நாட்டுச் சரக்கு என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அது மரச்சாமானுக்கும் வளையலுக்கும் ஏற்றது. ஆமையோட்டின் விளிம்பில் அதற்கு வேலையில்லை.

எபாக்சி அதைவிட மோசம். எலும்பைவிட வலுவான பசையால் எலும்பை ஒட்டினால், அடுத்த முறை அது விழும்போது ஒட்டு அப்படியே நிற்கும். பக்கத்தில் உள்ள நல்ல எலும்பு புதிதாக உடையும். நொடியில் பிடித்துக்கொள்ளும் சயனோஅக்ரிலேட் பசைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பல்லிடுக்கில் வெள்ளைப் படலமும் ஆசிரியரின் விரல்ரேகையும் பதிந்த மண்டையோடுகள் எல்லாக் கல்லூரியிலும் ஒன்றிரண்டு இருக்கும். பி-72 கொண்டு ஒட்டிய மண்டையோட்டைப் பிரிக்க, அதை ஒரு மூடிய பாலித்தீன் உறைக்குள் அசிட்டோன் நனைத்த பஞ்சோடு, பஞ்சு பொருளின்மேல் படாதபடி, ஓரிரவு வைத்தால் போதும். காலையில் துண்டுகள் தாமாகக் கைக்கு வரும். நான் செய்த தவறுகளையே நான் இப்படிப் பலமுறை பிரித்திருக்கிறேன்.

இனிக் கரைசல் தயாரிப்பது. வாங்கியவர்களில் பாதிப் பேர் வெறுத்துப்போவது இந்த இடத்தில்தான். மணிகளை அசிட்டோனில் கொட்டிவிட்டுக் காத்திருந்தால், அவை அடியில் ஒரே கட்டியாகத் திரண்டு, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு நாளானாலும் கரையாமல் அடம்பிடிக்கும். தைலம் காய்ச்சும்போது மூலிகையைத் துணியில் கிழி கட்டித் தொங்கவிடுவார்களே, அதேபோல மணிகளை மெல்லிய மஸ்லின் துணியில் தளர்வாகக் கட்டி, அகன்ற வாய்க் கண்ணாடிக் குப்பியில் அசிட்டோனின் மேல்பாதியில் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். கரைந்த பிசின் கனமாக இருப்பதால் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்; புதிய கரைப்பான் மேலே வந்துகொண்டே இருக்கும். மாலையில் தொங்கவிட்டால் மறுநாள் காலையில் துணி காலியாக இருக்கும். காந்தக் கலக்கி இருந்தால் இன்னும் விரைவு, இல்லாவிட்டாலும் நட்டமில்லை.

எலும்பை ஒட்டுவதற்கு நான் வைத்திருப்பது எடைக்கு எடை சமமாகக் கரைத்தது: 50 கிராம் மணிக்கு 50 கிராம் அசிட்டோன். அசிட்டோன் தண்ணீரைவிட லேசானது என்பதால் இந்த 50 கிராம் ஏறத்தாழ 63 மில்லிலிட்டர் வரும். இதைக் கவனிக்காமல் அளவுக்குவளையில் 50 மில்லிலிட்டர் ஊற்றிவிட்டு, பசை ஏன் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று என்னிடம் கேட்ட பயிற்சி மாணவர்கள் உண்டு. இதோடு சிட்டிகையளவு நுண்சிலிக்காத் தூளைச் சேர்த்தால் பசை வழியாமல் நிற்கும். ஸ்டீஃபன் கூப் என்ற பேணுநர் 1986இல் வெளியிட்ட கட்டுரையில், இந்தப் பிசினை மட்பாண்டங்களை ஒட்டும் பசையாகப் பயன்படுத்தும் முறையை விரிவாக விளக்கி, வெற்று உலோகக் குழாய்களில் தாமே நிரப்பி வைத்துக்கொள்ளும் வழியையும் சொன்னார். குழாயிலிருந்து நேராகப் பிதுக்கி ஒட்டலாம் என்பதால் வேலை மிக எளிதாகிறது. பற்பசைக் குழாய்போல அடிப்பக்கம் திறந்த அலுமினியக் குழாய்கள் மருந்துப் பொதிப்பொருள் விற்பவர்களிடம் கிடைக்கின்றன. நிரப்பி, அடியை மடித்து நெருக்கி, ஒரு நாள் தலைகீழாக நிறுத்தி வைத்தால் காற்றுக்குமிழ்கள் மடிப்பின் பக்கம் ஏறிவிடும்.

கண்ணாடிக் குப்பியின் மூடி ஒட்டிக்கொள்வது இதன் தீராத தொல்லை. திருகுமரையில் டெஃப்லான் நாடாவைச் சுற்றிவிட்டால் அது தீரும்; குழாய் பொருத்துபவர்கள் பயன்படுத்தும் அதே வெள்ளை நாடாதான். இன்னொரு தொல்லைக்கு மருந்தில்லை: பசை பிடிக்கத் தொடங்கும்போது குச்சியை எடுத்தால், பஞ்சுமிட்டாய் இழைபோல நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்து பொருளின்மேல் எங்கும் விழும். வெயில் அதிகமான நாளில் அசிட்டோன் விரைந்து பறப்பதால் நூல்களும் அதிகம். ஒட்டின் உள்ளே குமிழ்களும் அதிகம். கரைப்பானில் பத்தில் ஒரு பங்கு எத்தனால் சேர்த்தால் பறக்கும் வேகம் குறைகிறது. அதைவிட நல்ல வழி, ஒட்டும் வேலையைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது.

ஒட்டுவதைவிட நான் இதை அதிகம் பயன்படுத்துவது, உதிர்வதைக் கெட்டிப்படுத்துவதற்கு. அரியலூர்ப் பக்கத்துப் புதைபடிவங்களைக் கையாண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் கடலாக இருந்த நிலம் அது. அம்மோனைட்டு, பெலம்னைட்டு என்ற அழிந்துபோன கடலுயிர்களின் எச்சங்களும் சிப்பிகளும் நிறைய. அங்குள்ள காரை என்ற ஊரின் களிமண் படுகையிலிருந்து எடுத்த சிப்பி, எடுத்த அன்று உறுதியாகத்தான் இருக்கும். அலமாரியில் சில ஆண்டுகள் இருந்தபின், களிமண் சுருங்கி விரிந்து சுருங்கி, ஓடு ஏடு ஏடாகக் கழன்று டப்பாவின் அடியில் பொடியாகக் கிடக்கும். இப்படிப்பட்ட ஒரு துண்டுக்கு 5 விழுக்காட்டுக் கரைசலை, அதாவது 100 மில்லிலிட்டர் கரைப்பானுக்கு 5 கிராம் மணி என்ற அளவில், சொட்டுக்குழாயால் விளிம்பில் வைத்தால் அது நுண்துளைகளுக்குள் தானாக உறிஞ்சப்படுவதைக் கண்ணால் பார்க்கலாம். உறிஞ்சுவது நிற்கும்வரை கொடுக்க வேண்டும். நின்றபின் ஒரு சொட்டும் கூடாது. பேராசையோடு கெட்டிக் கரைசலை ஊற்றினால், பிசின் உள்ளே போகாமல் மேலே தங்கி, நெய் தடவியதுபோல மினுங்கும் தொல்லுயிர்தான் மிஞ்சும். அப்படி ஆகிவிட்டாலும் அசிட்டோன் தொட்ட பஞ்சால் மேற்பரப்பைத் துடைத்து மினுக்கத்தை எடுத்துவிட முடியும் என்பது ஆறுதல். உலரும்போது கரைப்பான் வெளியேறுகிற பாதையிலேயே பிசினும் மேல்நோக்கி இழுக்கப்படும் என்பதால், நான் பொருளைத் தளர்வாக மூடி மெதுவாக உலரவிடுகிறேன்.

மழைக்காலத்தில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். ஒரு கார்த்திகை மாதத்தில், காட்சி திறப்பு நெருங்கிவிட்டது என்ற அவசரத்தில், வெளியே அடைமழை கொட்டிக்கொண்டிருக்க ஒரு மானின் தாடையெலும்பை அசிட்டோன் கரைசலால் கெட்டிப்படுத்தினேன். அசிட்டோன் பறக்கும்போது மேற்பரப்பைச் சட்டென்று குளிரவைக்கிறது. ஈரம் நிறைந்த காற்று அந்தக் குளிர்ந்த பரப்பில் நீராகப் படிகிறது. நீரில் பி-72 கரையாது. சில நிமிடங்களில் தாடையெலும்பு முழுவதும் விபூதி பூசியதுபோல வெளுத்துவிட்டது. மழை விட்டு, அறையின் ஈரப்பதம் இறங்கியபின், அசிட்டோனோடு எத்தனால் கலந்து தூரிகையால் மெல்லத் தொட்டுத் தொட்டு அந்த வெண்மையைப் போக்கினேன். குளிர்சாதனமும் ஈரநீக்கியும் உள்ள அறையில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட அறை எத்தனை பேரிடம் இருக்கிறது?

இப்போது இந்தப் பிசினின் முக்கியமான குறைக்கு வருகிறேன். இதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ். அதாவது அந்த வெப்பநிலைக்குக் கீழே கண்ணாடிபோல விறைப்பாக இருக்கும் பிசின், அதை நெருங்கும்போது ரப்பர்போல நெகிழத் தொடங்கும். லண்டனில் இது ஒரு தகவல் மட்டுமே. மே மாதத்தில் நிழலிலேயே 40ஐத் தொடும் ஊரில், மேற்குச் சன்னலோரம் வைத்த கண்ணாடிப் பேழைக்குள், உள்ளே விளக்கும் எரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றாக ஒரு கடமானின் கொம்பு என்னிடம் இருந்தது. தண்டின் அடிப்பகுதியிலேயே முறிந்த கொம்பு அது. மார்கழியில் பி-72 கொண்டு ஒட்டினேன். ஒட்டு மயிரிழை அளவே தெரிந்தது. நானே இரண்டு முறை வியந்து பார்த்துக்கொண்டேன். பங்குனியில் ஒன்றும் தெரியவில்லை. அக்கினி நட்சத்திரம் முடிந்து ஒரு நாள் பேழையைத் திறந்தபோது, கொம்பு விழவில்லை, உடையவில்லை. நோய்ப்பட்டவரின் கழுத்துபோல ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நுனி இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. ஒட்டின் மேல்விளிம்பில் பசை இழுபட்டு ஒரு சிறு இடைவெளி விட்டிருந்தது.

இதில் என் பிழையும் இருந்தது. பி-72 கைக்கு உலர்ந்ததாகத் தோன்றிய பின்னும் உள்ளே அசிட்டோன் பல நாள், கனமான ஒட்டாக இருந்தால் பல வாரம், தங்கியிருக்கும். தங்கியிருக்கும் கரைப்பான் நெகிழும் வெப்பநிலையை 40க்கும் கீழே இறக்கிவிடும். நான் ஒட்டிய மூன்றாம் நாளே கொம்பைக் கிடைமட்டமாக நீட்டிப் பேழைக்குள் ஏற்றியிருந்தேன். எடையைச் சுமக்க வேண்டாத ஒட்டாக இருந்திருந்தால் எதுவும் ஆகியிருக்காது: அதே பேழையில் அதே பிசினால் ஒட்டிய கீரிப்பிள்ளையின் மண்டையோடும் ஆந்தையின் முட்டை ஓடும் இம்மியும் நகரவில்லை. ஆகவே, வெயில் ஊரில் இந்தப் பசையை நம்பலாமா என்று கேட்டால், அந்த ஒட்டு எதைச் சுமக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இதற்குத் தீர்வு உண்டு. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பி-48என் என்ற பிசினின் நிலைமாற்ற வெப்பநிலை 50 டிகிரி; பி-44க்கு 60. பி-72 மூன்று பங்கும் பி-48என் ஒரு பங்கும் கலந்தால், பிரிக்கும் வசதியைப் பெரிதும் இழக்காமல் உறுதி கூடுகிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 2002இல் பீடம் சரிந்து தரையில் விழுந்து நொறுங்கிய இத்தாலியச் சிற்பி துல்லியோ லொம்பார்தோவின் ஆதாம் சலவைக்கல் சிலையை, பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு, இந்த 3:1 கலவையாலும் சில இடங்களில் இழைக்கண்ணாடி ஊசிகளாலும் இணைத்து 2014இல் மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள். ஆள் உயரச் சலவைக்கல்லைத் தாங்கும் கலவைக்குக் கடமான் கொம்பு ஒரு பொருட்டல்ல. எலும்புப் புதைபடிவங்களில் வேலை செய்பவர்கள் சிலர், இதற்குப் பதிலாகப் பாலிவினைல் பியூட்டிரல் வகையைச் சேர்ந்த பியூட்வார் பி-76ஐ விரும்புகிறார்கள். அதன் நெகிழும் வெப்பநிலை 60 டிகிரிக்கு மேல். நான் அதையும் பயன்படுத்தியிருக்கிறேன். பெரிய புதைபடிவங்களுக்கு நல்லது. நுண்ணிய வேலைக்கு என் கை பி-72க்கே பழகிவிட்டது.

பொருள்களின்மேல் பதிவெண் எழுதும் வேலைக்கு இதற்கு இணை இல்லை. எலும்பின் மேல் நேரடியாக மையால் எழுதினால் மை துளைகளுக்குள் ஊறி எக்காலத்துக்கும் போகாது. காகிதத்தில் எழுதி நூலில் கட்டினால் காகிதத்தைப் பூச்சி தின்றுவிடும். பதிவெண் போன எலும்பு எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த விலங்கிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வாளருக்கு அதனால் பயனில்லை. ஆகவே, 15 முதல் 20 விழுக்காட்டுப் பி-72 கரைசலைச் சிறு செவ்வகமாகப் பூசி, நன்றாக உலர்ந்தபின் அதன்மேல் நிறமி மையால் எண்ணை எழுதி, அதற்கும் மேலே காப்புப் பூச்சு கொடுக்கிறோம். மேற்பூச்சுக்கும் அசிட்டோனில் கரைத்த பி-72ஐயே எடுத்தால் கீழ்ப்பூச்சு கரைந்து எழுத்து கலைந்துவிடும். பெயிண்டை இளக்கும் ஒயிட் ஸ்பிரிட்டில் கரையும், அதே குடும்பத்தைச் சேர்ந்த பி-67ஐ மேலே பூசினால் கீழே உள்ளது அசையாது. கால் லிட்டர் கரைசலில் சில ஆயிரம் பொருள்களுக்கு எண் எழுதிவிடலாம். வாங்கிய விலை இதிலேயே திரும்பிவிடும் என்பது என் கணக்கு.

சிப்பிச் சேகரிப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். மரப்பெட்டிகளில் அடைத்துவைத்த சிப்பிகளின்மேல் வெள்ளைப் பொடி பூத்து ஓட்டின் பளபளப்பை அரித்துத் தின்பதைப் பைன் நோய் என்பார்கள். 1899இல் இதைப் பற்றி எழுதிய ஆங்கிலேயச் சிப்பி ஆர்வலரின் பெயர் அது. நோய் என்று பெயரே தவிரக் கிருமி எதுவும் இல்லை. மரத்திலிருந்து கசியும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகள் சிப்பியின் சுண்ணாம்போடு வினைபுரிவதால் வருவது. தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையும் அசிட்டிக் அமிலத்தைக் கசியவிடக்கூடியது என்பதால், அதனால் சிப்பியை ஒட்டுவது திருடனிடமே சாவியைக் கொடுப்பதுபோல. பி-72 இப்படிப்பட்ட ஆவிகளை வெளியிடுவதில்லை.

இதைத் தொடக் கூடாத இடங்களும் உண்டு. சாராயக் குப்பிகளில் ஊறும் பாம்பு, மீன், தவளை ஆகியவற்றுக்குள் எதையும் இதனால் ஒட்டாதீர்கள். எத்தனாலில் இது ஊதி நெகிழ்ந்து விட்டுவிடும். பறவை இறகில் பட்டால் இறகு குச்சிபோல விறைத்து, ஒளி படும் விதமே மாறிவிடும். ஈரமான எலும்புக்கு இது உதவாது; அதற்கு நீரில் பரவும் அக்ரிலிக் பால்மங்கள் இருக்கின்றன. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் கலந்த புதைபடிவம் பொடிந்து கந்தக நாற்றம் வீசத் தொடங்கினால் சிலர் பதறிப்போய் இதைப் பூசுகிறார்கள். பி-72 படலம் ஈரத்தை முழுமையாகத் தடுப்பதில்லை. சிதைவு படலத்துக்கு அடியில் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். அங்கே தேவைப்படுவது ஈரத்தைக் குறைத்த டப்பா. மரபணு ஆய்வுக்கோ கரிமக் காலக்கணிப்புக்கோ மாதிரி எடுக்கப்படலாம் என்ற எலும்பில், மாதிரியை எடுத்துவைத்த பிறகே இதைத் தொட வேண்டும். கழுவினால் போய்விடும் என்று சொல்வார்கள். துளைக்குள் போனது முழுவதும் திரும்பி வருவதில்லை.

பாடம் செய்த விலங்குகளில் இதற்கு ஒரு சிறு பங்கு மட்டுமே. வெடித்த தோலின் இடைவெளியையும் கொம்பின் அடியில் அரிக்கப்பட்ட பள்ளத்தையும், பி-72 கரைசலில் நுண்கண்ணாடிக் குமிழ்த்தூளைக் குழைத்து நிரப்பலாம். லேசாக இருக்கும், உலர்ந்தபின் அக்ரிலிக் வண்ணத்தை ஏற்கும். பழைய பாடங்களைத் தொடுமுன் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் பெக்கூர் என்பவர் பூச்சியைத் தடுக்கக் கண்டுபிடித்த, நஞ்சான ஆர்செனிக் சோப்பின் வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டிலும் தோலின் உள்ளே பூசப்பட்டன. பூச்சி அண்டாத பழைய புலி உங்களிடம் இருந்தால் மகிழ்ச்சியடையும் முன் அதை எண்ணிப் பாருங்கள்.

வாங்குவதைப் பற்றி. ஒரு கிலோ சில ஆயிரம் ரூபாய் ஆகும். சிறிய அருங்காட்சியகத்துக்கு அது பல ஆண்டுகளுக்கு வரும். மணிகளாக வாங்குங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் ஆயத்தக் குழாய்கள் வசதியானவைதான், ஆனால் விலை அதிகம். நம் வெயிலில் பாதி முடியுமுன் வாய் அடைத்துவிடுகின்றன. ஒருமுறை ஓர் இடைத்தரகர் எங்களுக்கு அனுப்பிய பொட்டலத்தில் தொகுதி எண்ணும் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை. பொருளின் பெயரை வெள்ளைத் தாளில் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள். மணிகள் லேசான மஞ்சளாக இருந்தன. கரைத்தபோது கரைசல் கலங்கலாக நின்றது. கொள்முதல் விதிகளின்படி குறைந்த விலை கேட்டவர் அவர்தான் என்பதால், திருப்பி அனுப்புவதற்கு எழுத வேண்டிய கடிதங்கள் ஒரு கோப்பளவுக்கு வளர்ந்தன. ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போதே தயாரிப்பாளரின் தொகுதி எண்ணும் தொழில்நுட்பத் தாளும் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். வந்தவுடன் பத்து மணிகளைச் சுத்தமான அசிட்டோனில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் ஊற்றிப் பாருங்கள். உலர்ந்த படலம் கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும்.

பிசினால் ஆபத்து இல்லை, கரைப்பானால் உண்டு. அசிட்டோன், தண்ணீர் உறையும் வெப்பநிலைக்கு 20 டிகிரி கீழேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும் பொருள். ஆவியிழுக்கும் பேழை இல்லாத அறையில் ஒரு நேரத்தில் சிறு அளவே கையாளுங்கள். சுடுதட்டு, விளக்கு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. நீலநிற நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர் கையுறைதான் அதைத் தாங்கும். தெர்மோகோல் கிண்ணத்தில் ஊற்றினால் கிண்ணம் கரைந்து மேசைக்கு வரும் என்பதை ஒவ்வொரு பயிற்சி மாணவரும் ஒருமுறை செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், குளிரூட்டிய அறைக்கு ஐந்தும் வெறும் மின்விசிறி சுழலும் கூடத்துக்கு நான்கும் கொடுப்பேன். குறைத்த அந்த ஒரு மதிப்பெண்ணும், மற்றவற்றைப் பெற்றுத் தந்த அதே குணத்துக்காகத்தான்: விட்டுக்கொடுக்கும் பசை, நாம் கேட்கும்போது மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை, வெயில் கேட்டாலும் கொடுத்துவிடுகிறது. ஒட்டு எடையைச் சுமக்க வேண்டாததாக இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். சுமக்க வேண்டியதாக இருந்தால் பி-48என் கால் கிலோவும் சேர்த்து வாங்குங்கள். ஒட்டியபின் ஒரு மாதம் மணல் தட்டில் அசையாமல் வைத்திருக்கும் பொறுமையையும் கைவசம் வைத்திருங்கள்.

சாய்ந்த கடமான் கொம்பை அந்த ஆண்டு ஆடியிலேயே அசிட்டோன் ஆவியில் வைத்துப் பிரித்தேன்; ஒரு சில்லும் பெயரவில்லை. நடுவில் மெல்லிய இழைக்கண்ணாடி ஊசி ஒன்றை, துளையின் சுவரில் பி-72 பூசித் தடுப்பு வைத்தபின் செருகி, 3:1 கலவையால் மறுபடி ஒட்டினேன். பேழையைச் சன்னலிலிருந்து நகர்த்தி, உள்விளக்கைக் கழற்றிவிட்டோம். கொம்பின் நுனிக்கு நேரே பேழையின் பின்பலகையில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அக்கினி நட்சத்திரம் முடிந்த மறுநாள் போய்ப் பார்ப்பது வழக்கம். நான்கு கோடைகள் ஆகிவிட்டன. நுனி கோட்டிலேயே நிற்கிறது.